புரட்டாசி விரதம் இருந்த நாய்க்குட்டி

எங்கள் வீட்டு நாய்க்குட்டி புரட்டாசி விரதம் இருக்கிறது என்று நான் மனதார நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் நாலு பேரிடம் சொல்லிப் பெருமையும் பட்டுக்கொண்டேன். இப்போது அறுபதைத் தாண்டி, முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி யோசித்தால், அந்த இளைஞனைக் கூப்பிட்டு இரண்டு அறை கொடுக்கலாம் போலிருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் கையில் இருந்த சாட்சியங்களைப் பார்த்திருந்தால் நீங்களும் கொஞ்சம் தடுமாறியிருப்பீர்கள்.

புரட்டாசி பிறந்து நான் சைவத்துக்கு மாறிய அதே வாரம், குட்டி தட்டில் இருந்த சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. காலையில் நான் சாமி படத்துக்கு விளக்கேற்றும் நேரத்தில், படத்துக்கு நேர் கீழே சிமெண்டுத் தரையில் வயிற்றை அப்பிக்கொண்டு கால்களை நீட்டிப் படுத்தது. சாஷ்டாங்கம்தான், வேறென்ன. குரைப்பதை நிறுத்தியது. அதை மௌன விரதம் என்று சேர்த்துக்கொண்டேன். மூக்குக்கு எதிரே கோழி நடந்து போனாலும் கண்ணை மட்டும் மெல்ல உருட்டியது. வருஷம் தவறாமல் காவடி எடுக்கிறவர்களுக்கே வராத புலனடக்கம் பால் மறந்த குட்டிக்கு வந்துவிட்டதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய் ஆலை வாசலில் லோரிகளை எடை போடுவது என் வேலை. பழக்குலை ஏற்றிய லோரி எடை மேடையில் ஏறுவதற்கு முன்பே, டயர் அமுங்கியிருக்கும் லட்சணத்தைப் பார்த்து எடையை ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். லோரிக்காரர்கள் இதற்காகவே என்னைக் கொஞ்சம் மதித்தார்கள். அப்பேர்ப்பட்ட நிபுணனின் மடியில் தினமும் ஏறிப் படுத்த ஒரு ஜீவன் நாளுக்கு நாள் எடை குறைந்துகொண்டே வந்தது. நிபுணனுக்குத் தெரியவில்லை. விரதம் இருந்தால் உடம்பு லேசாகத்தான் ஆகும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

குட்டி என்னுடையது இல்லை, என் மனைவியுடையது. பாசிர் பெனம்பாங்கில் மீன் வாங்கப் போன இடத்தில், கடைப் பலகைகளுக்குக் கீழே ஒரு தாய் நாய் ஈன்றிருந்த குட்டிகளில் ஒன்று அவளுடைய சேலை நுனியைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. கடைக்காரச் சீனர் மீனை நிறுத்துப் பொட்டலம் கட்டி, அதன் மேல் குட்டியையும் வைத்து அவளிடம் கொடுத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வியாபாரம் முடிந்துவிட்டது. அப்போது அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்த சமயம். ஆலைச் சங்கு ஊதி நான் கிளம்பிப் போனால், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டில் நாள் முழுவதும் அவள் பேசிக்கொண்டிருந்தது அந்தக் குட்டியோடுதான். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

தலைப்பிரசவத்துக்கு அவளைத் தெலுக் இந்தானில் இருந்த தாய் வீட்டுக்கு அனுப்பினோம். டாக்சியில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கிச் சொன்னாள்:

"நான் திரும்பி வர்றப்ப குட்டி இருக்கணும்."

"நான்?"

"நீங்க இருப்பீங்க. உங்களுக்குச் சோறு போட அடுத்த வூட்டு அக்கா இருக்காங்க. அதுக்கு யாரு இருக்கா?"

போகிற போக்கில், பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று பெருமாளுக்கு என் பெயரில் ஒரு மாதச் சைவத்தையும் நேர்ந்துவிட்டுப் போனாள். நான் சும்மா தலையாட்டினேன். கர்ப்பிணியின் காதுக்கு எந்தத் துக்கச் செய்தியும் போகக்கூடாது என்பது எங்கள் லயத்துச் சட்டம். ஊரில் யாராவது இறந்தால்கூட அவளிடம் சொல்லாமல் மறைத்தே பழக்கப்பட்டிருந்தோம். குட்டிக்கு ஏதாவது ஆனால் அதைப் பிள்ளையோடு முடிச்சுப் போட்டுத்தான் நினைப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆகவே என்னிடம் அவள் விட்டுப்போன பொறுப்பு ஒன்றே ஒன்றுதான். அது சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டு சோறு வேண்டாம் என்றது.

நான் கோயில் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து இடுப்பில் கை வைத்துக் குட்டியை உற்றுப் பார்த்தார்.

"முன் ஜென்மத்துல பெரிய பாகவதரா இருந்திருக்கும்லா" என்றார். "பாரேன், கண்ணு பாதி மூடி இருக்கு. தியானம்."

சட்டைப் பையில் இருந்த நாமக்கட்டியை எடுத்து உரைத்து, குட்டியின் நெற்றியில் சின்னதாக ஒரு நாமம் போட்டுவிட்டார். செய்தி லயம் முழுக்கப் பரவியது. ஆலைக்கு வரும் லோரிக்காரர் ஒருவர், இதைக் கேள்விப்பட்டு வண்டியை ஓரம் கட்டிவிட்டு வீட்டுக்கே வந்தார். குட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, முதுகில் இருந்த புள்ளிகளை விரலால் எண்ணி, நாலு நம்பர் லாட்டரிக்கு எண் கிடைக்கிறதா என்று பார்த்தார். குட்டி வாலைக்கூட அசைக்கவில்லை. எண் கேட்டால் வாய் திறக்காததுதான் உண்மையான பக்திக்கு அடையாளம் என்று அவரே எனக்கு விளக்கிவிட்டுப் போனார்.

இந்தக் கும்பலில் சேராதவர் அடுத்த வீட்டு அக்கா ஒருவர்தான். தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை அவருக்கு. வேலை முடிந்து பூட்ஸ் காலோடு எனக்குச் சாம்பாரும் கூட்டும் கொண்டுவந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னா தம்பி, நாய்க்கு நாமம் போட்டுப் படுக்க வச்சிருக்கீங்க?"

"விரதம்கா."

"யாருக்கு?"

"குட்டிக்கு."

அக்கா என்னைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"உங்க ரெண்டு பேர்ல யாருக்கு மொதல்ல வைத்தியம் பாக்கறதுன்னு தெரியலயே."

சாம்பாரை வைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு குட்டியின் மூக்கருகே நீட்டினார். அது நாக்கை நீட்டவில்லை.

"தண்ணியும் குடிக்கல."

"சில பேரு தண்ணிகூடக் குடிக்காம இருப்பாங்கக்கா."

"சில பேரு செத்துங்கூடப் போவாங்க தம்பி."

எனக்குக் கோபம் வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்த நேரத்தில் குட்டி எழுந்தது. வெளியே போக வேண்டும் என்று நினைத்திருக்கும். வாசற்படியில் முன்னங்கால்கள் வழுக்கி, தாடை தரையில் மோத விழுந்தது. விழுந்தது எழவில்லை. அதன் பின்புறத்தில், ஆலைக் கழிவுக் குட்டையின் ஓரத்தில் படிந்திருக்குமே, அந்தக் கசடு மாதிரி, கறுப்பாகப் பிசுபிசுவென்று போயிருந்தது. மிருக நாற்றம் ஒன்று எழுந்தது. எல்லாவற்றுக்கும் சாஸ்திரம் கண்டுபிடித்த எனக்கு அதற்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

என் பீதியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்த காரியங்களிலேயே அதுதான் சுறுசுறுப்பானது. முதலில் குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். உள்ளே என்ன செய்வது என்று தெரியாமல் வெளியே ஓடிவந்தேன். மறுபடி உள்ளே போய் விளக்கை அணைத்தேன். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் மனைவியின் செருப்பு. மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்தேன். கிளம்பவில்லை. அக்கா வந்து சாவியைத் திருப்பிவிட்டார். கிளம்பியது.

அக்கா பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. ஒரு பிரம்புக் கூடையில் தன் பழைய சாரோங் துணியை விரித்துக் குட்டியைப் படுக்க வைத்து, மடியில் கூடையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"எங்க போறோம்னாவது தெரியுதா?"

"மாட்டு ஆஸ்பத்திரிக்கு."

கோலசிலாங்கூரில் இருந்த அரசாங்க மிருக வைத்திய ஆபீஸை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே மாடு போகும், ஆடு போகும், கம்பம் எனப்படும் மலாய்க் கிராமத்து ஆட்கள் கோழியைக்கூடக் கொண்டுபோவார்கள். நாயைக் கொண்டுபோன ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. அதற்கு நானே ஒரு காரணமும் வைத்திருந்தேன்: டாக்டர் மலாய்க்காரர், முஸ்லிம், நாயைத் தொடவே மாட்டார். யாரும் என்னிடம் இதைச் சொல்லவில்லை. யாரையும் நான் கேட்கவும் இல்லை. விரதத்தைப் போலவே இதுவும் என் சொந்த ஆராய்ச்சி. பாதி வழியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"அக்கா, மேல சாரோங்கைப் போட்டு மூடிக் கட்டுங்க. ஆட்டுக்குட்டின்னு சொல்லிருவோம்."

"ஆடு கொலைக்குமா தம்பி?"

"அது கொலைக்கிற நெலமையில இல்லக்கா."

அக்கா சாரோங்கை இறுக்கிக் கட்டி, மூச்சுப் போக ஒரு மூலையை மட்டும் விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஊருக்குள் திரும்புகிற வரையில் என் முதுகுக்குப் பின்னால் கூடைக்குள் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆபீஸ் முகப்பில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். என்ன பிராணி என்று மலாயில் கேட்டார்.

"ஆடு" என்றேன்.

"ஆணா, பெண்ணா?"

"ஆண்."

"கொம்பு இருக்கா?"

"இன்னும் முளைக்கல."

அன்றைக்கு அந்தக் குமாஸ்தாவிடம் நான் சொன்னதில் இந்தக் கடைசி இரண்டும் மட்டும்தான் உண்மை.

பெஞ்சில் எங்கள் பக்கத்தில் சுங்கை புரோங்கிலிருந்து ஒரு பாக் சிக், அதாவது மலாய்ப் பெரியவர், நிஜமான ஆட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் வயல் சேறு காய்ந்திருந்தது. அவருடைய ஆடு எங்கள் கூடையை முகர்ந்தது, தும்மியது, இரண்டடி பின்வாங்கியது.

"உன் ஆடு ரொம்ப அமைதி" என்றார் அவர்.

"தூங்குது, பாக் சிக்."

அந்தச் சமயம் பார்த்துச் சாரோங்கின் ஓரத்திலிருந்து ஒரு வால் வழிந்து தொங்கியது. அக்கா அதை மெல்ல எடுத்து, வெற்றிலையை மடித்துச் சொருகுவது போலக் கூடைக்குள் சொருகினார். பாக் சிக் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும், "நீங்க முன்னால போங்க, என்னுது காத்திருக்கும்" என்று காலை மடக்கி வழிவிட்டார். எங்கள் முறைதான் அது, இருந்தாலும் அவர் அதைத் தன் முறையை விட்டுக்கொடுப்பது போலவே சொன்னார். எல்லாம் தெரிந்துதான் சொன்னார் என்று எனக்கு வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது.

டாக்டர் இளம் பெண். முக்காடு, மடித்துவிட்ட கை, காலில் ரப்பர் பூட்ஸ். அப்போதுதான் ஒரு மாட்டைப் பார்த்துவிட்டு வந்திருப்பார் போல, பூட்ஸ் நனைந்திருந்தது. சாரோங்கை விலக்கினார். நாமத்தோடு ஒரு நாய்க்குட்டி அவரைப் பார்த்தது.

அவர் பேசியதெல்லாம் மலாயில். என் தமிழில் எழுதுகிறேன்.

"இது எந்த வகை ஆடு?"

"கொஞ்சம் கலப்பு, டாக்டர்."

அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. தனக்குத் தெரிந்த உடைந்த மலாயில் என்னைப் போட்டுக் கொடுத்துவிட்டார். "டாக்டர், இந்தத் தம்பிக்குப் பயம். நீங்க நாயைத் தொட மாட்டீங்கன்னு ஆடுன்னு சொல்லிட்டாரு. விரதம் இருக்குன்னு சொல்லி இத்தனை நாளு வச்சிருந்தாரு."

டாக்டர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டே சொன்னார்: "தொடலாம். தொட்டா முறைப்படி கழுவிக்கணும், அவ்வளவுதான். பின்னால மண்ணும் தண்ணியும் வச்சிருக்கோம். இந்த வட்டாரத்துல நாய்க்கு நோய் வந்தா நான் பார்க்காம வேற யார் பார்க்கறது?"

சொல்லி முடிப்பதற்குள் அவர் கை வேலையைத் தொடங்கிவிட்டது. அந்தக் கையைப் பற்றித்தான் நான் இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவசரமே இல்லை, ஆனால் ஓர் அசைவும் வீண் போகவில்லை. கட்டை விரலால் குட்டியின் மேலுதட்டைத் தூக்கினார்.

"இங்க வந்து பாருங்க. என்ன நிறம்?"

சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

"ரோஸ் நிறத்துல இருக்கணும். ரத்தம் இல்ல." ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுத்தார். அழுத்திய இடம் வெள்ளையாகவே நின்றது. பிடரித் தோலைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கிவிட்டார். அது பழைய இடத்துக்குப் போகாமல் கூடாரம் போல அப்படியே நின்றது. "உடம்புல தண்ணியும் இல்ல."

பிறகு வயிற்றைத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு, யாரோ சன்னமாகச் சொல்வதைக் கேட்பவரைப் போலத் தடவினார். என்னிடம் கேள்வி கேட்டார். எப்போதிலிருந்து சாப்பிடவில்லை, கடைசியாக எப்போது ஓடி விளையாடியது, வாந்தி உண்டா, எங்கே படுக்கிறது. சாமி படத்துக்குக் கீழே என்றேன்.

"தரை என்ன தரை?"

"சிமெண்ட்."

"குளிர்ச்சியா இருந்திருக்கும்" என்றார். சாஷ்டாங்கம் முடிந்தது.

கறுப்பாகப் போயிருந்ததில் ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஜவ்வரிசியை வேக வைத்தது போல, ஓரம் மெல்லியதாக, உள்ளே சின்னச் சின்ன உருண்டைகளோடு நீள்வட்ட முட்டைகள். எங்கு பார்த்தாலும் முட்டைகள்.

"கொக்கிப்புழு. குடலைக் கவ்விக்கிட்டு ரத்தம் குடிக்கும். மலம் கறுப்பா இருந்ததே, அது ரத்தம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கையுறையை மாற்றிக்கொண்டே, முதல் முறையாக லேசாகச் சிரித்தார்.

"எங்க நோன்புலயும் சின்னப் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. நோயாளிக்கும் விலக்கு உண்டு. இது சின்னப் பிள்ளை, நோயாளியும்கூட. இதுக்கு நோன்பு வச்சது யாரு?"

"எங்க கோயில் தலைவர்" என்றார் அக்கா, ஒரு நொடியும் தாமதிக்காமல்.

மருந்தின் அளவு பார்க்கக் குட்டியைத் தராசில் வைத்தார்கள். நான் எடை போடுகிறவன். முள் அசைவதைப் பார்த்துப் பழகியவன். அந்த முள் கிளம்பிய வேகத்திலேயே நின்றுவிட்டதைப் பார்த்ததும் என் வாயில் இருந்த வேடிக்கைப் பேச்செல்லாம் வற்றிப்போனது. அக்கா என் சட்டையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் விழுந்துவிடுவேன் என்று நினைத்தாராம்.

புழுவுக்கு மருந்தை வாயோரத்தில் விட்டார். இரும்புச் சத்துக்கு ஒரு ஊசி. பிறகு உப்பு நீரைத் தோலுக்கு அடியில் ஏற்றினார். குட்டியின் முதுகில் மெல்ல ஒரு திமில் எழும்பியது.

"பயப்பட வேண்டாம், உடம்பு இழுத்துக்கும், தானா இறங்கிடும்" என்றார்.

ஆடாக உள்ளே போனது ஒட்டகமாக வெளியே வருகிறதே என்று அந்த நிலையிலும் எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "பிழைக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். பிரசவத்துக்குப் போயிருக்கும் மனைவியின் குட்டி இது என்பதையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

அவர் என்னை ஏமாற்றவில்லை. "தெரியாது. ரத்தம் ரொம்பப் போயிருக்கு. முன்னாலயே கொண்டு வந்திருந்தா தைரியமாச் சொல்லியிருப்பேன். நாளைக்குக் காலையில மறுபடி கொண்டு வாங்க." பிறகு, கிளம்பும் நேரத்தில், மருந்துச் சீசாவை என் கையில் கொடுத்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பெரிய நாய் ஒரு வேளை சாப்பிடலன்னா பொறுத்துப் பார்க்கலாம். அதுக்குச் சதை இருக்கு, தாங்கும். குட்டிக்கு ஒண்ணும் இல்ல. காலையில சாப்பிடாம, சாயங்காலமும் சாப்பிடாம, விளையாடாம மூலையில கிடந்தா அப்பவே கிளம்பிடுங்க. தண்ணியைத் தொடலன்னாலோ, ஈறு வெளுத்தாலோ, ரத்தம் போனாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஆடுன்னு சொன்னாலும் பரவாயில்ல. கொண்டு வாங்க."

நாங்கள் வெளியே வந்து கூடையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அவர் ஆபீஸின் பின்கட்டுக்கு வருவதைப் பார்த்தேன். வாளியில் மண்ணைக் கரைத்து முழங்கை வரை தேய்த்தார். பிறகு நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவினார். முகத்தில் சலிப்போ அருவருப்போ இல்லை. ஒவ்வொரு குட்டிக்கும் அவருக்கு இவ்வளவு வேலை கூடுதலாக இருக்கிறது. அதைச் சொல்லிக்காட்டாமல் செய்துவிட்டு, கையை உதறிக்கொண்டு, பாக் சிக்கின் ஆட்டைப் பார்க்க உள்ளே போனார். அன்றைக்கு நான் யாருக்காவது மனதுக்குள் கும்பிடு போட்டேன் என்றால் அந்தப் பின்கட்டைப் பார்த்துத்தான்.

மறுநாள் ஆடா என்று குமாஸ்தா கேட்டார். நாய் என்றேன். டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு திமில் ஏற்றி அனுப்பினார். ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. குட்டியைத் தனியாக விட மனமில்லாமல் கூடையோடு ஆலைக்கே கொண்டுபோனேன். எடைக் கூண்டில் என் காலடியில் வைத்துக்கொண்டு, கரண்டியால் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரைப் புகட்டினேன். ஒவ்வொரு லோரி போன பிறகும் குனிந்து உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரோஸா, வெள்ளையா. லோரி வரும், எடை போடுவேன், குனிவேன், உதட்டைத் தூக்குவேன்.

"என்னாலா செய்யறே கீழ?" என்று கேட்டார், லாட்டரிக்கு எண் தேடி வந்த அதே லோரிக்காரர்.

"பல்லு எண்ணறேன்."

அவர் உடனே பேனாவை எடுத்தார்.

மத்தியானத்துக்கு மேல் இப்படி நான் எத்தனையாவது முறையோ உதட்டைத் தூக்கியபோது, குட்டி என் விரலைக் கடித்தது. சும்மா பல் படவில்லை, உறுமிக்கொண்டு நன்றாகவே கடித்தது. எடைக் கூண்டில் நின்றபடி, மருந்தடிக்கும் கும்பலோடு ரோட்டில் போய்க்கொண்டிருந்த அக்காவின் பக்கம் ரத்தம் வந்த விரலை ஆட்டினேன். அவர் ஓடிவந்தார்.

"என்னா தம்பி?"

"கடிச்சிருச்சுக்கா."

"அப்பாடா" என்றார். அந்தக் கும்பலில் இருந்த மற்றவர்களுக்கு நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியவில்லை.

அடுத்த முறை டாக்டர் உதட்டைத் தூக்கியபோது, "ரோஸ் வருது பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் முதல் முறை பார்ப்பது போலப் பார்த்தேன். முட்டை, ஈரல், மீன் என்று சத்தான ஆகாரம் கொடுக்கச் சொன்னார். புழு மண்ணிலிருந்து வருவது, மனிதர் காலிலும் ஏறும், வீட்டுக்குக் கைக்குழந்தை வரப்போகிறது, வாசலைச் சுத்தமாக வைத்துக்கொண்டு செருப்புப் போட்டு நடங்கள், புழு மருந்தை இன்னொரு தடவையும் கொடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள் என்றார். என் மனைவிக்கு எப்போது நாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஆக, புரட்டாசி நடுவில், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, நான் அடுப்பில் மீன் வேக வைத்தேன். வாசனை பிடித்துக்கொண்டு கோயில் தலைவர் வந்து நின்றார்.

"புரட்டாசியில மீன் வாடை வருதே."

"குட்டிக்குத் தலைவரே. டாக்டர் விலக்கு குடுத்துட்டாங்க."

"எந்த டாக்டரு?"

"மலாய்க்கார டாக்டரம்மா."

அவர் நாடியைத் தடவிக்கொண்டார். "அப்ப சரியாத்தான் இருக்கும். நோன்பு விஷயம் அவங்களுக்கு நல்லாத் தெரியும்லா" என்றார். போகும்போது தன் துண்டு நுனியாலேயே குட்டியின் நெற்றியைத் துடைத்துவிட்டுப் போனார்.

தெலுக் இந்தானில் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. மனைவி குழந்தையோடு டாக்சியில் வந்து இறங்கியபோது, குட்டி வாசலில் நின்று டாக்சியைப் பார்த்துக் குரைத்தது. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அவள் முதலில் குட்டியைத்தான் தூக்கினாள். கொழுத்துவிட்டதே என்றாள்.

குட்டிக்கு இருந்தது விரதம் இல்லை, கொக்கிப்புழு. டாக்டர் மருந்து கொடுத்தார். பிழைத்துக்கொண்டது.